சொந்தத்தில் கட்டியவர்களுக்கு



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிற நமக்கு ஸ்டாண்ட்பை பம்ப் தெரியும். ஒன்று நின்றாலும் மற்றது ஓடும். மரபணுக்களும் பெரும்பாலும் அப்படி ஜோடிதான். ஒன்று பழுதான தலசீமியா 'கேரியர்' நல்லாத்தான் இருப்பார். தம்பதியர் இருவருமே கேரியர் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. 'மூத்ததுக்கு வந்துடுச்சு, அடுத்த மூணும் தப்பிச்சிடும்' என்று கணக்குப் போடாதீங்க. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் கணக்கு புதுசு. மருமகளை மட்டும் குறை சொல்வது என்ன நியாயம்? பாதி நம் பையன் கொடுத்தது!

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் சுமார் 28 சதவீதத் திருமணங்கள் சொந்தத்தில்தான். பயம் வேண்டாம், பெரும்பாலான பிள்ளைகள் ஆரோக்கியமாகவே பிறக்கிறார்கள். கர்ப்பத்துக்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பாருங்கள். மூன்று தலைமுறை விவரம், சின்ன வயசில் இறந்த குழந்தைகள் உட்பட, மறைக்காமல் சொல்லுங்கள். மாமியார் முன்னால் தயக்கமா? தனியா பேசணும்னு கேளுங்க.