கொடைக்கு ஒரு கணக்குப்பிள்ளை

கொடுப்பதற்கென்றே ஒருவரை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் அவருடைய நாளில் பெரும்பகுதி ‘முடியாது, மன்னிக்கவும்’ என்று கடிதம் எழுதுவதிலேயே போகிறது. அமெரிக்காவின் குடும்ப அறக்கட்டளைகளில் இருக்கும் மானிய ஆய்வாளரின் நிலைமை இதுதான். நியூயார்க்கிலும் சிகாகோவிலும் யூதக் குடும்பங்கள் நடத்தும் அறக்கட்டளைகள் பல இருக்கின்றன. தாத்தா வியாபாரத்தில் சேர்த்த சொத்தைப் பேரப்பிள்ளைகள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து தர்மத்துக்குப் பிரிக்கிறார்கள். பள்ளிக்கா, ஆஸ்பத்திரிக்கா, முதியோர் இல்லத்துக்கா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அந்த மேசைக்குப் போகிற காகிதத்தைத் தயார் செய்பவர்தான் ஆய்வாளர். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், கொடைக்கு ஒரு கணக்குப்பிள்ளை.

விண்ணப்பம் முப்பது நாற்பது பக்கம் வரும். குடும்பத்தார் முன்னால் வைப்பதோ இரண்டு பக்கம். கேட்பவரின் ஆடிட் கணக்கு ஒழுங்காக இருக்கிறதா, போன முறை கொடுத்ததில் மிச்சம் எவ்வளவு, தலைவர் நாளைக்கே விலகிப்போனால் அந்த அமைப்பு நிற்குமா விழுமா என்பதெல்லாம் அந்த இரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். இன்னொரு நெருக்கடியும் உண்டு. 1969-ல் வந்த அமெரிக்க வரிச் சட்டத்துக்குப் பிறகு, இப்படிப்பட்ட அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் ஒரு குறைந்தபட்சத் தொகையைக் கொடுத்தே ஆக வேண்டும். இப்போது அது சொத்து மதிப்பில் ஏறத்தாழ 5 சதவீதம். கணக்கையும் ஊரறியத் தாக்கல் செய்ய வேண்டும். நாளெல்லாம் ‘முடியாது’ சொன்னவரும் ஆண்டு முடிவதற்குள் சிலருக்காவது ‘சரி’ சொல்லியாக வேண்டும்.

இந்தக் கதைக்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்களுக்கும் என்ன உறவு என்று நேயர்கள் கேட்கலாம். உறவு நெருக்கமானது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னால் அமெரிக்காவின் மிகப் பெரிய குடும்பச் செல்வம் ஒன்று தன் கணக்குப்பிள்ளையை நெய்யாற்றின்கரைத் தாலுகாவுக்கே அனுப்பி வைத்தது.

அதற்கும் முன்பே இங்கே வெளிநாட்டுப் பணம் வந்துகொண்டுதான் இருந்தது. பாறசாலையில் லண்டன் மிஷன் நிலையம் இருந்தது. இந்தப் பகுதியில் ஊழியம் செய்த சாமுவேல் மேட்டீர் 1871-ல் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு ‘தர்ம பூமி’ என்ற பொருளில்தான் ஆங்கிலத் தலைப்பு வைத்தார். அரசு செலவில் நடந்த ஊட்டுப்புரைகளைப் பார்த்து நாட்டுக்கு ஏற்பட்ட பெயர் அது. அந்த ஊட்டுப்புரைகளில் இலை விழுந்தது பிராமணர்களுக்கு. வயலில் நின்றவர்களுக்கு இலை இல்லை. மிஷன் பணம் வேறு பக்கமாகப் போனது, ஆனால் அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தில் ஒருவர் பணம் கட்டினால், இங்கே அந்தப் பணத்தில் சம்பளம் வாங்கும் உபதேசியாருக்கு அவருடைய பெயரையே வைக்கும் வழக்கம் இருந்தது. பனையேறியின் மகன் லண்டன்காரரின் பெயரோடு ஊர் ஊராகப் போனார். நன்கொடை எங்கே போய்ச் சேர்ந்தது என்று காட்ட அதைவிட நேரான ரசீது இருக்க முடியாது.

1920களின் பிற்பகுதியில் வந்த பணம் இந்த இரண்டு வகையிலும் சேராது. அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் ரீஜண்ட் மகாராணி சேது லட்சுமி பாய். ராக்பெல்லர் அறக்கட்டளையின் சுகாதாரப் பிரிவிலிருந்து டாக்டர் டபிள்யூ. பி. ஜேகாக்ஸ் வந்தார். இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை பார்த்து அனுபவப்பட்டவர். அங்கே தேயிலைத் தோட்டங்களில் அந்தப் புழுவைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் கூலித் தொழிலாளர்கள். 1926-ல் இலங்கையின் களுத்துறையில் அறக்கட்டளையின் உதவியோடு ஒரு சுகாதார யூனிட் தொடங்கியிருந்தது. 1930களின் தொடக்கத்தில் அதே மாதிரியில் நெய்யாற்றின்கரையிலும் ஒன்று அமைந்தது. மைசூர் சமஸ்தானத்தில் ராமநகரம், சென்னைக்குப் பக்கத்தில் பூந்தமல்லி, டெல்லிப் பக்கம் நஜஃப்கர், வங்கத்தில் சிங்கூர் என்று இந்தியாவில் இப்படி ஒருசில இடங்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 1956 நவம்பர் 1 வரைக்கும் களியக்காவிளையில் கேரள-தமிழ்நாடு எல்லை என்று ஒன்று கிடையாது. நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் அடுத்தடுத்த தாலுகாக்கள், அவ்வளவே.

புழுவின் பாதையைச் சொன்னால்தான் இவர்கள் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது விளங்கும். மரச்சீனித் தோட்டத்தின் மூலையில் ஒருவர் வெளிக்குப் போகிறார். ஈர மண்ணில் முட்டை பொரிகிறது. ஒரு வாரம் பத்து நாள் கழித்து வெறுங்காலோடு அந்த வழியாக வருகிறவரின் பாதத்தைத் துளைத்துக்கொண்டு புழு உள்ளே போகிறது, குடலில் கொக்கி போட்டுக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. ஆள் வெளுத்து, சோர்ந்து, வேலைக்குப் போக முடியாமல் உட்கார்ந்துவிடுவார். ஊரார் சோம்பேறி என்பார்கள்.

ராக்பெல்லர் ஆட்கள் போன இடமெல்லாம் கையாண்ட முறை ஒன்றுதான். வீடுகளுக்கு எண் போட்டு, இருப்பவர்களின் பெயரெழுதி, ஆளுக்கொரு சின்னத் தகர டப்பாவைக் கொடுப்பார்கள். மறுநாள் காலை மலத்தோடு டப்பா திரும்பி வர வேண்டும். கொடுக்கக் கூச்சப்பட்டவர்கள், அடுத்த வீட்டாரிடம் இரவல் வாங்கி நிரப்பியவர்கள் கதையெல்லாம் இந்த இயக்கம் நடந்த நாடுகளில் சாதாரணம். பிறகு மைக்ரோஸ்கோப்பில் முட்டை எண்ணுவார்கள். அந்தக் கால மருந்து கடுமையானது. சாப்பிட்டால் தலை சுற்றும். சில நாள் கழித்து மறுபடியும் டப்பா. எண்ணிக்கை குறைந்தால்தான் அந்த வீட்டுக்கு எதிரே டிக் போடுவார்கள்.

நியூயார்க்கில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு இந்தப் புழு பிடித்ததற்குக் காரணம் இந்த எண்ணிக்கைதான். முன்னே இத்தனை முட்டை, பின்னே இத்தனை என்று ஒரே பக்கத்தில் காட்டிவிடலாம். கூலி உயர்ந்தால் பசி தணியும் என்பதை மைக்ரோஸ்கோப்பில் காட்ட முடியாது. மானியம் கொடுப்பவர்கள் இன்றைக்கும் எண்ணக்கூடியதன் பக்கம் சாய்வதைப் பார்க்கலாம், அந்தச் சாய்வு நல்லதும் செய்யும், கண்ணையும் மறைக்கும். கால் செருப்பு போடுங்கள் என்று இங்கே அறிவுரை சொன்னார்கள். தாழ்த்தப்பட்ட சாதியார் செருப்புப் போடவும் குடை பிடிக்கவும் கூடாது என்று முந்தைய தலைமுறைகள் கட்டுப்பாடு வைத்திருந்த நாடு இது. அந்தக் கதைக்கு விண்ணப்பத்தில் கட்டம் கிடையாது.

ஆனாலும் ஒரு விஷயத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள். முழுப் பணத்தையும் அவர்களே கொடுக்க மாட்டார்கள். முதல் நாளிலிருந்தே அரசும் பங்கு போட வேண்டும். ஆண்டுக்காண்டு அறக்கட்டளையின் பங்கு குறையும், அரசின் பங்கு கூடும், கடைசியில் முழுப் பொறுப்பும் அரசின் தலையில். பிரசவம் பார்க்கும் நர்ஸ், அம்மை குத்துபவர், பிறப்பு இறப்பு எழுதுபவர், கக்கூஸுக்குக் குழி தோண்டச் சொல்லி வீடு வீடாக நடப்பவர் எல்லோரும் ஒரே டாக்டரின் கீழ் வேலை செய்வதுதான் யூனிட்டின் அமைப்பு. 1946-ல் வெளிவந்த போர் (Bhore) சுகாதாரக் குழு அறிக்கை நாடெங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வேண்டும் என்று சொன்னபோது, இந்த யூனிட்களின் அனுபவம் அதற்குப் பின்னால் இருந்தது.

இப்போது யூதக் குடும்பத்துக்கு வருவோம். 1917 முதல் 1931 வரை ராக்பெல்லர் அறக்கட்டளையின் அறங்காவலர்களில் ஒருவர் ஜூலியஸ் ரோசன்வால்ட். ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தின் பிள்ளை, சிகாகோவின் சியர்ஸ் ரோபக் கம்பெனி முதலாளி. 1912-ல் தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்குக் கறுப்பின மக்களின் டஸ்கிகி கல்லூரிக்கு 25,000 டாலர் கொடுத்தார். அதில் 2,800 டாலர் மிஞ்சியது. கல்லூரித் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் மிச்சத்தை மறைக்கவில்லை. கிராமத்தில் ஆறு சின்னப் பள்ளிக்கூடம் கட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். அந்த ஆறுதான் இருபது ஆண்டுகளில் 15 தென் மாநிலங்களில் 5,357 கட்டடங்களாகப் பெருகியது. பள்ளிகளோடு ஆசிரியர் வீடுகளும் தொழிற்கூடங்களும் அதில் சேரும்.

நடுவில் ஒரு கோளாறு. வேகமாகக் கட்டியதில் பல கட்டடங்கள் தரமில்லாமல் போயின. கொடுத்தவர் கோபித்துக்கொண்டு நிறுத்திவிடவில்லை. ஃபிளெட்சர் டிரெஸ்லர் என்ற பள்ளிக் கட்டட நிபுணரை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். அவருடைய அறிக்கைக்குப் பிறகு 1920-ல் நாஷ்வில்லில் தனி அலுவலகம் வந்தது, வரைபடம் வந்தது. மின்சாரம் இல்லாத கிராமங்கள் அவை. வகுப்பறை ஜன்னல்கள் கிழக்கையோ மேற்கையோ பார்க்க வேண்டும், வெளிச்சம் பிள்ளையின் இடது தோள் பக்கமாக விழ வேண்டும், அப்போதுதான் எழுதுகிற கையின் நிழல் நோட்டில் விழாது என்பதுவரை அந்த வரைபடங்கள் கவனித்தன. மானிய ஆய்வாளரின் வேலைக்கு இதைவிட அழகான உதாரணம் தேடவேண்டியதில்லை.

கணக்கையும் பார்த்துவிடலாம். மொத்தச் செலவு சுமார் 2 கோடியே 84 லட்சம் டாலர். ரோசன்வால்ட் கொடுத்தது சுமார் 44 லட்சம். பருத்திக் காட்டில் கூலி வேலை செய்த கறுப்பின மக்கள் சேர்த்துக் கொடுத்தது சுமார் 47 லட்சம். பாக்கியில் பெரும்பங்கு அரசு வரிப்பணம். அந்த வரியை அவர்களும் கட்டியிருந்தார்கள். ஆக, தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கு அவர்கள் இரண்டு முறை பணம் கட்டினார்கள். பங்கு போடச் சொல்வது பொறுப்பை வளர்க்கும் என்கிறார்கள், சரிதான். இல்லாதவர் வீட்டு உண்டியலையும் அது உடைக்கும்.

ரோசன்வால்டுக்கு நிரந்தர நிதி என்பதே பிடிக்காது. தன் காலத்துக்குப் பிறகு 25 ஆண்டுகளுக்குள் தன் நிதியின் முழுப் பணமும் செலவாகிவிட வேண்டும் என்று எழுதி வைத்தார். 1932 ஜனவரியில் இறந்தார். நிதியை 1948-ல், கெடுவுக்கு முன்னதாகவே, பூட்டினார்கள். அதைக் கடைசிவரை நடத்திய எட்வின் எம்ப்ரீ அதற்கு முன் ராக்பெல்லர் அறக்கட்டளையில் பெரிய பொறுப்பில் இருந்தவர். சிகாகோ அருங்காட்சியகத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு என் பெயர் வேண்டாம் என்று மறுத்தவர் ரோசன்வால்ட். உபதேசியாருக்குப் பெயர் வைத்த லண்டன்காரர்கள் கேட்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருப்பார்கள்.

இன்றைக்கு அப்படி ஒரு குடும்ப அறக்கட்டளையின் ஆய்வாளர் நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் காரோட்டிலோ செங்கலிலோ உள்ள ஒரு சிறு மகளிர் அமைப்புக்கு உதவ நினைத்தால், வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தைத் தாண்டி வர வேண்டும். அந்த அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அதற்குள் 15 லட்சம் ரூபாய் செலவழித்துக் காட்டியிருக்க வேண்டும். 2020 செப்டம்பரில் வந்த திருத்தத்தின்படி, பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் பிரதான கிளைக் கணக்கில்தான் வந்து விழ வேண்டும். நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்று இருந்தது, இப்போது 20 சதவீதம்தான். முன்பெல்லாம் திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ உள்ள ஒரு பெரிய அமைப்பு பணத்தை வாங்கி, எல்லை ஊர்களின் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வழி இருந்தது. அந்தத் திருத்தம் அதையும் அடைத்துவிட்டது. காரோட்டு அமைப்பு நேராகப் பதிவு வாங்கலாம், அல்லது மாநிலத்துக்குள்ளேயே குடும்பஸ்ரீ, பஞ்சாயத்து, கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். நிதி என்று அலையலாம். சிகாகோ ஆய்வாளரின் மேசைக்கு வந்து சேருவது, ஆடிட்டரும் ஆங்கிலத்தில் எழுத ஆளும் வைத்துக்கொள்ள முடிந்த பெரிய ஊர் அமைப்புகளின் விண்ணப்பங்கள்தான்.