உடற்கல்விப் பட்டமும் கல்விக் கடனும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உடற்கல்வியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். உடற்பயிற்சியின் நன்மைகளை எடுத்துரைப்பேன் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். அவற்றை அறியாதார் இவ்வவையில் ஒருவரும் இலர். ஆட்டத்தில் வல்ல மகனோ மகளோ, “நான் உடற்கல்வி படிக்கப் போகிறேன்” என்று வீட்டில் சொன்னதும் தந்தையார் தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போடுகின்றாரே, அந்தக் கணக்கைப் பற்றியே பேச விரும்புகின்றேன்.

இக்கல்வியின் வரலாற்றை ஓரிரு சொற்களில் கூறிவிடுகின்றேன். 1920-இல் ஹாரி க்ரோ பக் என்னும் அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1857-ஆம் ஆண்டுப் போரின் நூற்றாண்டை நினைவுகூர்ந்து, 1957-இல் மத்திய அரசு குவாலியரில் ராணி லட்சுமிபாயின் பெயரால் ஒரு கல்லூரியை நிறுவிற்று. அது 1995-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. விளையாட்டுப் பயிற்றுநர்களை உருவாக்கும் தேசிய நிறுவனம் 1961-இல் பாட்டியாலாவில் எழுந்தது. வேறு படிப்பில் இடம் கிடைக்காதவர் ஒதுங்கி நிற்கும் திண்ணையாக இத்துறையைக் கருதுவோர் நம்மிடையே இன்னும் உளர். அவர்கள் இவ்வூர்களுக்கு ஒருமுறை சென்று காலை ஐந்து மணிக்கு மைதானத்தைப் பார்த்து வரலாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராவதற்குப் பெரும்பாலோர் செல்லும் வழி, ஒரு பட்டம் பெற்றபின் பி.பி.எட். படிப்பது. முன்னர் அஃது ஓராண்டுப் படிப்பு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகளால் ஈராண்டாயிற்று. இதனால் கட்டணமும் விடுதிச் செலவும் ஓராண்டுக்கு மிகுந்தன. சம்பாதித்திருக்கக்கூடிய ஓராண்டுச் சம்பளமும் போயிற்று. பின்னதை நம்மவர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

படித்து முடித்தவர்க்கு என்ன கிடைக்கும்? கேந்திரிய வித்யாலயம் போன்ற மத்திய அரசுப் பள்ளியில் நிலையான பணி கிடைத்தால், 2016 முதல் நடைமுறைக்கு வந்த ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் மட்டும் 44,900 ரூபாய். படிகள் வேறு. நம் கண்ணுக்கு இந்தத் தொகைதான் தெரிகின்றது. மற்றொரு பக்கத்தையும் பாருங்கள். 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரை வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்கு ஆசிரியர் வேண்டும் என்கின்றது. ஆனால் “பகுதி நேர”ப் பயிற்றுநர் என்றே அச்சட்டம் அவரைக் குறிக்கின்றது! கணிதத்துக்கு முழு நேரம், உடம்புக்குப் பகுதி நேரம். இதன் விளைவை நம் தாயகத்திலேயே கண்டோம். 2012-இல் தமிழ்நாட்டில் உடற்கல்வி, ஓவியம், இசை முதலியவற்றுக்கு 16,549 பகுதி நேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாயே தரப்பட்டது. பின்னர் அது பலமுறை உயர்ந்தது எனினும் நிலையான ஆசிரியர் சம்பளத்துக்கு அருகில் வரவில்லை.

ரயில்வே முதலிய துறைகளில் விளையாட்டு வீரர்க்கென ஒதுக்கிய இடங்கள் இருக்கின்றனவே என்பர் சிலர். அவை ஆடுகளத்தில் காட்டிய சாதனைக்கு உரியவை. பட்டச் சான்றிதழைக் காட்டி அவற்றைப் பெற இயலாது.

இப்போது கடனைப் பார்ப்போம். தனியார் கல்லூரி ஒன்றில் ஈராண்டுக்கும் சேர்த்து 3 லட்சம் ரூபாய் கடன் பெறுவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். வட்டி நூற்றுக்குப் பத்து. படிக்கும் ஈராண்டும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை. ஆனால் வட்டி உறங்குவதில்லை. தனிவட்டியாகவே 75,000 ரூபாய் சேர்ந்து, தவணை தொடங்கும் நாளில் கடன் 3,75,000 ஆகிவிடும். ஏழு ஆண்டுகளில் தீர்க்க மாதம் ஏறத்தாழ 6,225 ரூபாய் கட்ட வேண்டும். 44,900 பெறுபவர்க்கு அஃது ஏழில் ஒரு பங்கு, சிரமமின்றிக் கட்டிவிடுவார். சிறு தனியார் பள்ளியில் 15,000 பெறுபவர்க்கோ ஐந்தில் இரண்டு பங்கு! மீதியில் வாடகை, உணவு, ஓடுபவரின் உணவு, ஆண்டுக்கு இரண்டு முறை தேயும் காலணி எல்லாம் அடங்க வேண்டும். தவணையைப் பதினைந்து ஆண்டுக்கு நீட்டினால் மாதம் 4,030 ஆகக் குறையும். ஆனால் மொத்தம் கட்டுவது ஏழே கால் லட்சம்.

படிக்கும்போதே மாதா மாதம் வட்டியை மட்டும் பெற்றோர் கட்டிவந்தால் நிலைமை மாறும். முதலாண்டில் மாதம் 1,250 ரூபாயும் அதன்பின் 2,500 ரூபாயும் ஆகும். அசல் 3 லட்சத்திலேயே நிற்க, ஏழாண்டுத் தவணை 4,980 ஆகிவிடும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 30,000 ரூபாய்க்குச் சற்றே குறைவான தொகை மிஞ்சும்.

பொறியியலில் பெயர்பெற்ற கல்லூரியில் செலவழித்தால் பெரிய நிறுவனத்தில் சம்பளம் கூடக்கூடும். உடற்கல்வியில் அவ்வாறன்று. அரசுப் பணியிடத்துக்குச் சம்பளம் இவ்வளவு என்று விதி இருக்கின்றது. லட்சம் கட்டிப் படித்தவர்க்கும் சில ஆயிரம் கட்டிப் படித்தவர்க்கும் அது ஒன்றே. எனவே கிடைக்கலாம் என்று நம்பும் பெரிய சம்பளத்தைக் கொண்டு கடனை அளக்கலாகாது; கிடைக்காதபோது வாங்கக்கூடிய சிறிய சம்பளத்தைக் கொண்டே அளக்க வேண்டும். அந்தப் பதினைந்தாயிரத்தில் ஐந்தில் ஒரு பங்காகிய 3,000 ரூபாய்க்கு மேல் தவணை போகக் கூடாது என்பது என் கருத்து. வங்கியின் விதி அன்று. அக்கணக்கில், படிக்கும்போதே வட்டி கட்டக்கூடிய குடும்பம் 1,80,000 வரை கடன் பெறலாம். கட்ட இயலாத குடும்பம் 1,45,000-க்குள் நிற்பது நலம். அதற்கு மேல் கேட்கும் கல்லூரியை விட்டு, பல்கலைக்கழகக் கல்லூரியின் உடல்திறன் தேர்வுக்கு இன்னும் ஓராண்டு ஓடிப் பழகுமாறு பிள்ளையிடம் சொல்லலாம். இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் ஓடத் தெரிந்த பிள்ளையிடம்தானே சொல்கிறோம்!

ஏழரை லட்சம் வரை பிணை கேட்காமல் கடன் தருவதற்கென 2015-இல் மத்திய அரசு உத்தரவாத நிதி ஒன்றை ஏற்படுத்தியது. ஏழை மாணவர்க்கு இது பெரும் உதவி. ஆயினும் பிணை கேட்கவில்லை என்பதனால் தேவைக்கு மேல் வாங்கிவிடுவோரும் உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் படிப்புக் காலத்து வட்டியை அரசே ஏற்கும் திட்டம் 2009-இல் வந்தது. எல்லாக் கல்லூரிக்கும் அது பொருந்துவதில்லை. கட்டணம் செலுத்துமுன் வங்கியில் கேட்டறிக.

நம் பிள்ளைகளுக்கென்று ஒரு செய்தி உண்டு. இங்கே படித்துவிட்டுத் தமிழ்நாட்டு அரசுப் பணிக்குச் செல்ல விரும்புவோர், 2021 முதல் அங்கே தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம் என்பதை மறக்கலாகாது. நமது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் இடம் நிறைய இருக்கின்றது.

ஏற்கெனவே கடன் பெற்று வேலையின்றி இருப்போர்க்கும் ஒரு வழி உண்டு. வேலையற்றிருக்கும் காலத்தில் தவணையை ஒத்திவைக்க வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் இடமுண்டு. தவணை தவறி அறிவிப்பு வரும்வரை காத்திராமல், கிளை மேலாளருக்கு எழுத்தில் விண்ணப்பித்து, ஒப்புகை முத்திரையுடன் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.