ஓட்டை போட்டது யாரு?

நடுவர் அவர்களே, கண்ணைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும் எதிரணி நண்பர்களே!

‘பிள்ளைகளுக்கு அறிவைப் பெரிதும் தருவது கண்ணா? கையா?’ இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவி அம்மா என்ன சொன்னாங்க? “மாமல்லபுரத்துல 2013-ல் சிப்பி அருங்காட்சியகம் திறந்தாங்க. ஆயிரக்கணக்கான சங்கு, சிப்பி. கண்ணாடிக்குள்ள அழகா அடுக்கியிருக்கு. பார்த்தாலே அறிவு வளரும். பிள்ளைங்களை உட்கார வச்சு சிப்பி ஒட்டு, மாலை கோருன்னு சொல்றதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு!”ன்னு ஒரே போடா போட்டுட்டுப் போயிட்டாங்க.

அம்மா, நானும் போயிருக்கேன். எங்க திருவொற்றியூர்த் தெருப் பிள்ளைங்க பத்துப் பேரை வேன்ல ஏத்திக்கிட்டுப் போனேன். கண்ணாடியில மூக்கு சப்பையாகுற வரைக்கும் பார்த்தாங்க. வெளிய வந்ததும் ஒருத்தனைக் கேட்டேன், “என்னடா பார்த்தே?” அவன் சொல்றான், “பெருசு பெருசா இருந்துச்சு மாமா.” (சிரிப்பு)

அருங்காட்சியகத்தை நான் குறை சொல்ல வரலை. உலகத்துக் கடலையெல்லாம் ஒரு கூரைக்குக் கீழே கொண்டுவந்தது சாமானிய வேலையா? ஆனா கண்ணு ஆரம்பிச்ச பாடத்தைக் கைதான் முடிக்கணும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்க மொட்டை மாடியில அதே பத்துப் பேர். எங்க ஆயா ஒரு தகரப் பெட்டி நிறையச் சிப்பி சேர்த்து வச்சிருந்தாங்க. அதைக் கொட்டி, “மாலை கோருங்க”ன்னு ஊசி நூலைக் கொடுத்தேன். ஒரு பொண்ணு கேட்டா, “மாமா, இதுல ஏற்கெனவே ஓட்டை இருக்கே, யார் போட்டது?”

பார்த்தேன். துரப்பணம் வச்சுத் துளைச்ச மாதிரி வட்டமா ஒரு ஓட்டை. வெளியே அகலம், உள்ளே குறுகல், புனல் மாதிரி. மனுஷன் போட்டதில்லைங்க! கடல் நத்தையில ஒரு இனம் சிப்பியைக் கட்டிப் பிடிச்சு, அமிலத்தால ஓட்டை இளக்கி, அரம் மாதிரி இருக்கிற நாக்கால சுரண்டித் துளைச்சு, உள்ளே இருக்கிற சதையைத் தின்னுடும். மாலை கோக்க உட்கார்ந்த பொண்ணு கொலைக் கேஸைக் கண்டுபிடிச்சிட்டா! (பலத்த கைதட்டல்) இது பொழுதுபோக்காம்மா?

அப்புறம் ஒரு சங்கை எடுத்தேன். ஊதுற முனை மேலே, வாய் நம்மைப் பார்த்து இருக்கட்டும். சாதாரணச் சங்குக்கு வாய் வலது பக்கம் வரும். விஞ்ஞானிகள் அதை வலஞ்சுழின்னு சொல்வாங்க. அதையே தலைகீழாப் பிடிங்க. வாய் இடது பக்கம் வந்துடும். நம்ம பெரியவங்க அதை இடம்புரின்னாங்க. ஒரே சங்கு, பிடிக்கிற விதத்துல பேர் மாறுது. புத்தகத்துல இதைப் படிச்சா நமக்கே தலை சுத்தும். (சிரிப்பு) கையில வச்சுத் திருப்பினான் பாருங்க, நம்ம ‘பெருசு பெருசு’ பையன், அரை நிமிஷத்துல புரிஞ்சுக்கிட்டான். கொற்கையில சங்கை அறுத்து வளையல் பண்ணினவங்க போட்ட கழிவுத் துண்டுங்க கிடைச்சிருக்கே, அவங்க எல்லாம் கண்ணால அறுத்தாங்களா?

எதிரணி இளைஞர் ஒருத்தர் பயமுறுத்தினார். கூம்புச் சங்கைக் கையில எடுத்தா விஷ ஊசி போட்டுடும்னார். உண்மைதான். உயிரே போகலாம். அதனாலதான் பக்கத்துல தெரிஞ்சவங்க இருக்கணும்னு சொல்றோம். கைவேலைன்னு கிளம்பினா கடலே காலியாயிடும்னும் சொன்னார். அதுவும் நியாயம். சில சங்கு, சிப்பி வகைகளை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துலயே சேர்த்துட்டாங்க. உயிரோட இருக்கிறதைத் தொட வேண்டாம் தம்பி. காசிமேட்டுல வலையை உதறும்போது விழுற செத்த ஓடு போதும் எங்களுக்கு.

ஏன் கடற்கரையில பொறுக்கலைன்னு கேட்பீங்க. எங்க கரை எங்க சார் இருக்கு? வருஷத்துல பெரும்பகுதி நம்ம கடல்ல மணல் தெற்கேயிருந்து வடக்கே நகருது. நடுவுல துறைமுகத்துச் சுவர். மணல் தெற்கே தேங்கிச்சு, மெரினா அகலமாச்சு. ராயபுரத்துலேருந்து எங்க பக்கமெல்லாம் கடல் அரிச்சுக்கிட்டே வந்துச்சு. மணலுக்குப் பதிலா பாறாங்கல்லைக் கொட்டி வச்சிருக்காங்க. கடலோரத்துல பொறந்த பிள்ளை சிப்பி பார்க்க மாமல்லபுரத்துக்கு வேன் பிடிச்சுப் போக வேண்டியிருக்கு! (கைதட்டல்)

நடுவர் ஐயா மணி மேல கை வச்சுட்டார். பாருங்க, அவரும் கண்ணால நிறுத்தலை, கையைத்தான் நம்புறார். (சிரிப்பு) ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கிறேன்.

அந்தப் பொண்ணு ஆயா பெட்டியிலேருந்து ஒரு மஞ்ச மட்டி ஓட்டை எடுத்து, “இது உயிரோட எப்படி மாமா இருக்கும்?”னா. எங்க ஆயா அந்தக் காலத்துல எண்ணூர்க் கழிமுகத்துல இடுப்பளவு தண்ணியில காலால துழாவி மட்டி எடுத்தவங்க. அதே இடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கே ஒரு மீனவப் பெரியவர் தண்ணியில நின்னுக்கிட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், “வாம்மா, கையை விட்டுப் பாரு”ன்னார். ரெண்டு மணி நேரம். ஒரு மட்டி கிடைக்கலை. வந்ததெல்லாம் காக்கா ஆழி. கறுப்பா, கொத்துக் கொத்தா, சேத்து மேல பாய் விரிச்ச மாதிரி. நம்ம ஊர்ச் சரக்கில்லைங்க அது. அமெரிக்கக் கரையோரத்து உயிர். கப்பலோட வந்திருக்கணும்ங்கிறாங்க. அது படர்ந்த இடத்துல மட்டிக்கு மூச்சு விட இடமில்லை, இறாலுக்கு மேய இடமில்லை. கையால தடவி இறால் பிடிச்சுப் பிழைக்கிறவங்க வெறுங்கையோட கரையேறுறாங்க. கரையில நின்னு பார்த்தா தண்ணி வழக்கம்போல அமைதியாத்தாங்க இருந்துச்சு. கண்ணுக்கு ஒண்ணுமே தெரியலை.

அந்த ஆழி ஓடு பொண்ணோட விரலைக் கிழிச்சிடுச்சு. அழலை. விரலைச் சப்பிக்கிட்டே பெரியவர்கிட்ட கேட்டா, “தாத்தா, அப்போ மட்டியெல்லாம் எங்க போச்சு?” அவர் பதில் சொல்லலை. அந்தப் பிள்ளை இதோ மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்கு. விரல்ல தழும்பு இன்னும் இருக்கு. தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி நடுவர் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கலாம். (நீண்ட கைதட்டல்)