ஆங்கில வாக்கியத்தில் இணைப்புச் சொற்கள்



ஆங்கில இலக்கண நூல்களில் சொற்களை எட்டு வகையாகப் பிரித்துக் கற்பிப்பது வழக்கம். அவற்றுள் பெயர்ச்சொல்லுக்கும் வினைச்சொல்லுக்கும் பல பக்கங்கள் கிடைக்கும். நூலின் கடைசிப் பகுதியில், அவசரமாக முடிக்கப்படும் ஓர் இயலில், இணைப்புச் சொற்கள் வரும். ‘அண்டு’, ‘பட்’, ‘ஆர்’, ‘இஃப்’, ‘பிகாஸ்’, ‘ஆல்தோ’ முதலியன அவை. இச்சொற்கள் எப்பொருளையும் சுட்டுவதில்லை, எச்செயலையும் உணர்த்துவதில்லை. ஆகவே இவற்றில் கற்பதற்கு என்ன இருக்கிறது என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால், இரண்டு வாக்கியங்கள் அடுத்தடுத்து நிற்கும்போது அவற்றுக்கிடையே உள்ள உறவு யாது என்று சொல்லும் பொறுப்பு இச்சிறு சொற்களிடமே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. செய்திகள் மாறாமல் இருக்க, இணைப்புச் சொல் ஒன்று மட்டும் மாறினால், கேட்பவர் கொள்ளும் முடிவே மாறிவிடும். இதனை இன்று சில எடுத்துக்காட்டுகளால் விளக்க விரும்புகிறேன்.

முதலில் ‘அண்டு’ என்பதை எடுத்துக்கொள்வோம். இஃது இரண்டு செய்திகளைச் சமமாக நிறுத்திச் சேர்ப்பது. கணக்கில் இரண்டும் மூன்றும் ஐந்து. மூன்றும் இரண்டும் ஐந்துதான். வாக்கியத்திலும் அப்படியே முன்பின்னாக மாற்றிவிடலாமோ? ‘ஹீ ஃபெல் இல் அண்டு டுக் தி மெடிஸின்’ என்றால், அவர் நோயுற்றார், பிறகு மருந்து உண்டார் என்பது பொருள். இதையே திருப்பி, ‘ஹீ டுக் தி மெடிஸின் அண்டு ஃபெல் இல்’ என்று சொல்லிப் பாருங்கள். இப்போது மருந்தின்மேல் ஐயம் வந்துவிடுகிறது! சொற்கள் அவையே, செய்திகளும் அவையே. வரிசை மாறியதும், முன்னது காரணம், பின்னது விளைவு என்று நம் மனம் கொண்டுவிடுகிறது. ஆகவே ‘அண்டு’ என்பது வெறும் கூட்டற்குறி அன்று.

அடுத்து ‘பட்’. ‘ஹீ இஸ் புவர் அண்டு ஆனஸ்ட்’ என்றால், அவர் ஏழை, நேர்மையாளர் என இரண்டு செய்திகள். ‘ஹீ இஸ் புவர் பட் ஆனஸ்ட்’ என்றாலும் அதே இரண்டு செய்திகள்தாம். ஒன்று மெய்யானால் மற்றதும் மெய். ஆயினும் இரண்டாவது வாக்கியத்தில் சொல்லாமற் சொல்லிய மூன்றாவது செய்தி ஒன்று ஒளிந்திருக்கிறது. ஏழைகளிடம் நேர்மையை எதிர்பார்க்க இயலாது என்பதே அது. அதனை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் நாம் சினந்து மறுத்திருப்போம். ஒரு சிறு சொல்லுக்குள் மறைந்து வந்ததால் மறுக்காமலே கேட்டுக்கொள்கிறோம். ஜெர்மானியத் தருக்க அறிஞர் ஃபிரேகே 1879 இல் வெளியிட்ட நூலில் இந்த வேறுபாட்டைக் குறிப்பிட்டிருக்கிறார். ‘அண்டு’, ‘பட்’ என்பவற்றுக்கு நிகரான ஜெர்மன் சொற்களை ஆராய்ந்த அவர், மெய், பொய் என்ற அளவில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை என்றும், பின்வருவது எதிர்பாராதது என்னும் குறிப்பைத் தருவதே இரண்டாவதன் வேலை என்றும் காட்டினார். பிறர் எழுதியதைப் படிக்கும்போது ‘பட்’ என்ற சொல்லைக் கண்டால், ‘இங்கே எந்த எதிர்பார்ப்பு மறைந்திருக்கிறது? அது நியாயமானதா?’ என்று கேட்டுப் பழகுங்கள்.

இதுவரை பார்த்தவை இரு வாக்கியங்களையும் சமமாக வைக்கும் சொற்கள். வேறொரு வகை உண்டு. ‘ஆல்தோ’, ‘பிகாஸ்’, ‘இஃப்’, ‘வென்’ போன்றவை எந்த வாக்கியத்தின் தலையில் அமர்கின்றனவோ, அந்த வாக்கியத்தை மற்றதற்குச் சார்பாக்கிவிடும். ஒன்று முதன்மை வாக்கியம். மற்றது சார்பு வாக்கியம். எதை முதன்மையாக வைப்பது என்பது எழுதுபவர் கையில் இருக்கிறது.

ஓர் இளைஞர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குச் சான்றிதழ் எழுதும் ஆசிரியர், ‘ஆல்தோ ஹீ இஸ் ஸ்லோ, ஹீ இஸ் கேர்ஃபுல்’ என்று எழுதுகிறார். அவர் மெதுவாகச் செய்பவராயினும் கவனமுடையவர் என்பது பொருள். இன்னோர் ஆசிரியர், ‘ஆல்தோ ஹீ இஸ் கேர்ஃபுல், ஹீ இஸ் ஸ்லோ’ என்று எழுதுகிறார். கவனமுடையவராயினும் மெதுவாகச் செய்பவர் என்பது இதன் பொருள். இருவர் சொன்னதும் உண்மையே. ஆனால், முதற் சான்றிதழ் அந்த இளைஞருக்கு வேலையைப் பெற்றுத் தரக்கூடும். இரண்டாவது அதைத் தடுக்கக்கூடும். குறையைச் சார்பு வாக்கியத்தில் வைத்தார் ஒருவர். நிறையைச் சார்பு வாக்கியத்தில் வைத்தார் மற்றவர். அவ்வளவுதான் வேறுபாடு.

இங்கே நம் மாணவர்களுக்கு நேரும் ஓர் இடர்ப்பாட்டைச் சொல்ல வேண்டும். ‘ஆல்தோ இட் ரெயின்டு, பட் தி மேட்ச் வென்ட் ஆன்’ என்று பலர் எழுதுகிறார்கள். ‘ஆல்தோ’ இருக்கையில் ‘பட்’ கூடாது என்று ஆசிரியர் அடித்துவிடுவார். ஏன் அப்படி எழுதத் தோன்றுகிறது என்பதையும் எண்ணிப் பார்த்தால் பிழை மீண்டும் வாராது. தமிழில், ‘மழை பெய்தும் ஆட்டம் நடந்தது’ என்கிறோம். முதல் வினையின் இறுதியில், இரண்டு செய்திகளும் சந்திக்கும் மூட்டுவாயிலேயே, ‘உம்’ என்ற இடைச்சொல் நிற்கிறது. தொல்காப்பியர் தம் இடையியலில் இந்த ‘உம்’ ஒன்றற்கே எட்டுப் பொருள்களை வகுத்திருக்கிறார். ஆங்கிலத்திலோ ‘ஆல்தோ’ வாக்கியத்தின் தொடக்கத்திற்குப் போய்விடுகிறது. மூட்டுவாயில் காற்புள்ளி ஒன்றைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த இடத்தில் ஒரு சொல்லைக் கண்டு பழகிய தமிழ்க் கண்ணுக்கு அது வெறுமையாகத் தோன்றுகிறது. உடனே கை ஒரு ‘பட்’ என்பதை அங்கே வைத்துவிடுகிறது. ‘பிகாஸ்’ என்று தொடங்கி, நடுவில் ‘ஸோ’ என்று எழுதுவதும் இவ்வாறு வந்ததே. ஆங்கிலத்தில் ஒரு மூட்டுக்கு ஓர் ஆணி போதும். அது தொடக்கத்தில் அடிக்கப்பட்டிருந்தாலும் மூட்டைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இச்சொற்கள் சில பிறந்த கதையும் அறியத்தக்கது. ‘பிகாஸ்’ என்பது பழைய ஆங்கிலத் தொடர் ஒன்று ஒட்டி ஒரு சொல்லானது. ‘காரணத்தால்’ என்பதே அதன் பொருள். ‘வைல்’ என்பது காலத்தைக் குறித்த பெயர்ச்சொல். ‘பட்’ என்பது ‘வெளியே’ என்ற பொருளில் வழங்கியது. நம் மொழியிலும் ‘ஆனால்’ என்பது ‘ஆகுமாயின்’ என்று நிபந்தனை கூறிய வினையெச்சமே; பின்னர் எதிர்நிலையைக் குறிக்கும் இணைப்புச் சொல்லாயிற்று. முழுச் சொற்களாக வாழ்ந்தவை தேய்ந்து தேய்ந்து உறவை மட்டும் உணர்த்தும் நிலைக்கு வந்திருக்கின்றன.

இணைப்புச் சொல்லோடு எதிர்மறை சேரும்போதுதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ‘ஹீ டிட் நாட் கம் பிகாஸ் இட் ரெயின்டு’ என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள் கொள்ளலாம். மழை பெய்தமையால் அவர் வரவில்லை என்பது ஒன்று. அவர் வந்தார், ஆனால் மழை காரணமாக வரவில்லை, வேறு காரணத்தால் வந்தார் என்பது மற்றொன்று. ‘நாட்’ என்பது எதுவரை எட்டுகிறது என்பதே வினா.

இத்தகைய வினா ஒன்று அமெரிக்க நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்நாட்டில் போதைப்பொருட் குற்றங்கள் சிலவற்றுக்குக் குறைந்த அளவுச் சிறைத்தண்டனை இவ்வளவு என்று சட்டம் வரையறுத்திருக்கிறது. சில தகுதிகள் உடையவர்க்கு மட்டும் நீதிபதி அவ்வரையறைக்குக் கீழேயும் தண்டனை விதிக்கலாம். 2018 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இத்தகுதிகளைத் திருத்தி அமைத்தது. முற்குற்ற வரலாற்றைப் பற்றிய மூன்று செய்திகளை அடுக்கி, மூன்றாவதற்கு முன் ‘அண்டு’ என்று வைத்து, இவற்றை ‘உடையவராக இல்லாதவர்’ தகுதி பெறுவார் என்றது. வழக்காடியவரிடம் மூன்றில் இரண்டு இருந்தன, மூன்றாவது இல்லை. அவருக்குச் சலுகை உண்டா?

மூன்றும் ஒருங்கே இருந்தால்தான் தகுதி போகும் என்றால் உண்டு. ஒன்று இருந்தாலும் தகுதி போகும் என்றால் இல்லை. 2024 மார்ச் 15 ஆம் நாள் ஒன்பது நீதிபதிகளுள் அறுவர் இரண்டாவது பொருளையே ஏற்றனர். அவர்கள் சார்பில் நீதிபதி எலினா கேகன் தீர்ப்பு எழுதினார். நீதிபதி நீல் கோர்ஸச் உள்ளிட்ட மூவர் மாறுபட்டனர். ‘இல்லை’ என்பது முதலாவதையும், இரண்டாவதையும், மூன்றாவதையும் தனித்தனியே தழுவி மூன்று கூற்றுகளாகிறது என்பது பெரும்பான்மையோர் கருத்து. மூன்றும் சேர்ந்த ஒரு தொகுதியையே ‘இல்லை’ என்பது மறுக்கிறது என்பது மற்றவர் கருத்து. ‘அண்டு’ என்ற சொல்லின் பொருளில் எவருக்கும் ஐயமில்லை. அஃது எவற்றை இணைக்கிறது என்பதிலேதான் வழக்கு. அந்த வினாவுக்குக் கிடைத்த விடை ஒரு மனிதருடைய சிறைவாசத்தின் அளவைத் தீர்மானித்தது. அவரைப் போன்ற நிலையில் இருந்த பிறருக்கும் அதுவே விதியாயிற்று.

ஆகவே, நண்பர்களே, ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதி முடித்ததும் மூன்று வினாக்களை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் வைத்த இணைப்புச் சொல் எந்த இரண்டை இணைக்கிறது? அவற்றுள் நான் வலியுறுத்த விரும்பியது முதன்மை வாக்கியத்தில் இருக்கிறதா? நான் சொல்ல எண்ணாத உறவு எதையாவது அது சொல்லிவிடுகிறதா? ஐயம் எழுந்தால் வாக்கியத்தை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை. எதை எதனோடு சேர்க்கிறோம் என்று அறிந்து சேர்ப்பவருடைய எழுத்தில் தெளிவு தானாக வரும். ஆங்கிலத்தில் பெற்ற இப்பழக்கம் நீங்கள் தமிழில் எழுதும்போதும் துணை நிற்கும்.