தேதி இல்லாத காத்திருப்பு

போன எபிசோட் கேட்டுட்டு ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "ஆண்டவரை நம்பிக் காத்திருன்னு எல்லாரும் சொல்றாங்க அண்ணா. எவ்வளவு நாள்னு மட்டும் யாரும் சொல்றதில்லை." அவங்க வேலை தேட ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம் ஆகுது. நியாயமான கேள்வி. நான் சாஃப்ட்வேர்ல இருக்கேன். எங்க வேலையில எல்லாத்துக்கும் ஒரு தேதி உண்டு. அது தள்ளிப் போனாலும், புதுத் தேதின்னு ஒண்ணு கொடுப்பாங்க. ஜெபத்துல அதுவும் கிடையாது.

எரேமியா புத்தகம் 29-ஆம் அதிகாரத்துக்கு வருவோம். அதுல 11-ஆம் வசனம் உங்கள்ல நிறைய பேருக்குத் தெரியும். ஆண்டவர் நமக்காக நல்ல திட்டம் வச்சிருக்கார்னு வரும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், பைக் ஸ்டிக்கர்னு எங்க பார்த்தாலும் அதுதான். ஆனா அதுக்கு முந்தின வசனத்தை யாரும் ஸ்டேட்டஸா வைக்கிறதில்லை. அதுல 70 வருஷம்னு இருக்கு.

கி.மு. 597-ல எருசலேம்ல இருந்து ஒரு பெரிய கூட்டத்தை பாபிலோனுக்குப் பிடிச்சுட்டுப் போனாங்க. அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி, ரெண்டே வருஷத்துல எல்லாரும் திரும்பிடுவாங்கன்னு சொன்னார். கேக்க இனிப்பா இருந்துது, ஆனா பொய். எரேமியா அனுப்பின கடிதம் 70-ன்னு சொல்லுச்சு. அதாவது, கடிதத்தைப் படிச்ச பெரியவங்க நிறைய பேர் சொந்த ஊரைத் திரும்பப் பார்க்கப் போறதில்லை.

சரி, அதுவரைக்கும் என்ன பண்றது? வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்க, இருக்கிற ஊரோட நன்மைக்காக ஜெபம் பண்ணுங்கன்னு கடிதம் சொல்லுது. சிறைபிடிச்சுட்டுப் போன ஊருக்காக!

இதுக்கு நம்ம புதுச்சேரியிலயே சாட்சி இருக்கு. மிஷன் வீதி சம்பா கோவில். புனித பவுல் பேருதான் பேச்சுல சம்பா ஆயிடுச்சுன்னு சொல்லுவாங்க. சேசு சபைக் குருக்கள் 1692-ல முதல் கோவிலைக் கட்டினாங்க. அடுத்த வருஷமே டச்சுக்காரங்க இடிச்சுட்டாங்க. ரெண்டாவது கோவில் நிலைக்கல. மூணாவதைக் கட்ட 1728-ல இருந்து 1736 வரைக்கும் ஆச்சு. 1761-ல பிரிட்டிஷ் படை ஊரைப் பிடிச்சப்போ அதுவும் போச்சு. 1770-ல மறுபடி ஆரம்பிச்சாங்க. வேலை முடியறதுக்குள்ள, 1778-ல ஊர் திரும்பவும் பிரிட்டிஷ் கைக்குப் போச்சு. கடைசியில 1791-ல அர்ச்சிப்பு நடந்துது. 1761-ல பத்து வயசா இருந்த ஒரு பிள்ளைக்கு அப்போ நாப்பது வயசு. நாம இப்போ பூசை பாக்குறது அந்தக் கோவில்லதான்.

இந்தக் கதையில இன்னொரு பக்கமும் இருக்கு. அந்த மூணாவது கோவிலுக்குப் பக்கத்துல வேதபுரீஸ்வரர் கோவில் இருந்துது. 1748-ல, துய்ப்ளே கவர்னரா இருந்தப்போ அதை இடிச்சாங்க. ஆனந்தரங்கப் பிள்ளை அந்த வேதனையைத் தன் நாட்குறிப்புல எழுதி வச்சிருக்கார். இன்னைக்கு அந்த ஈஸ்வரன் கோவில் கொஞ்ச தூரம் தள்ளி ஈஸ்வரன் கோவில் வீதியில இருக்கு. அவங்களும் காத்திருந்துதான் திரும்பக் கட்டினாங்க. நம்ம கோவில் இடிஞ்சதை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டா அது பாதிக் கதைதான். ஊரோட நன்மைக்கு ஜெபம் பண்ணுன்னா, அந்த ஊர்ல பக்கத்து வீட்டுக்காரரும் சேர்த்திதான். அவரை மிதிச்சுட்டு வாங்குற எதையும் ஜெபத்துக்குக் கிடைச்ச பதில்னு என்னால சொல்ல முடியாது.

இதை நான் தூரத்துல நின்னு பேசல. எங்க அப்பாவுக்கு வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு. ராத்திரி போன் அடிச்சா, வீட்ல எல்லாரும் ஒரே நேரத்துல எழுந்துக்குவோம். குடிக்கிற தண்ணியைக்கூட அப்பா டம்ளர் கணக்குலதான் குடிக்கணும். டயாலிசிஸ் இல்லாத சாயங்காலங்கள்ல, பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையனுக்குக் கணக்கு சொல்லித் தர்றார். "அவனுக்குப் பரீட்சை மார்ச்ல வந்துடும்டா. எனக்காக நிக்காது"ன்னு சொல்லுவார்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் கிடைக்குமா? தெரியாது. நிச்சயம் கிடைக்கும்னு மைக் முன்னாடி சொன்னா, நான் எரேமியா பக்கம் இல்ல, அனனியா பக்கம். தினமும் கேக்குறோம். சில நாள் அழுதுட்டே கேக்குறோம். அதுவும் ஜெபம்தான். பதில் வந்தா மட்டும்தான் ஆண்டவர் கூட இருக்கார்னு நாங்க நினைக்கல. இந்த ரெண்டு வருஷமும் அவர் கூட இருந்ததாலதான் எங்களால நிக்க முடிஞ்சிருக்கு.

அதனால தங்கச்சி, எவ்வளவு நாள்னு எனக்கும் தெரியாது. நாளைக்கும் அப்ளை பண்ணுங்க, ஜெபம் பண்ணுங்க. வேலை கிடைச்ச அப்புறம்தான் வாழ்க்கைன்னு மட்டும் தள்ளிப் போடாதீங்க. உங்க தெருவுல உங்களால இந்த வாரமே ஆகுற காரியம் ஒண்ணு இருக்கும். அதைப் பாருங்க. வேலை கிடைச்சாலும் கிடைக்கலன்னாலும் எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பேசலாம்.