கூடாரத்துக்குச் சட்டம் இல்லையா?

(தொழிலாளர் குடும்பங்களுக்கான சட்ட விளக்கக் கூட்டமொன்றில் வழக்கறிஞர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி விடுமுறை வரப்போகிறது. உங்களில் பலருடைய கைப்பேசியில் இப்போதே ஒரு விளம்பரம் வந்திருக்கும். மலையடிவாரம், பக்கத்தில் ஆறு, கூடாரம் வாடகைக்கு, கோழி சுட அடுப்பு. பெரிய ரிசோர்ட்டில் ஓர் அறைக்குக் கொடுக்கும் காசில் இங்கே குடும்பமே இரண்டு நாள் தங்கிவிட்டு வரலாம். தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்துவிட்ட நமக்கு, பிள்ளைகளைப் பச்சை மரத்தடியில் ஓடவிட இதுதான் கைக்கெட்டிய வழி. போகாதீர்கள் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. நீங்கள் போகும் இடத்தைப் பற்றிச் சட்டம் எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் விட்டிருக்கிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

2022 டிசம்பர் 16. பத்தாங் காலி. மறந்திருக்க மாட்டீர்கள். விடியற்காலை இரண்டு மணிக்கு மேல், எல்லாரும் தூக்கத்தில் இருந்தபோது, முகாமுக்கு மேலே இருந்த சரிவு அப்படியே இறங்கியது. 92 பேர் சிக்கினார்கள். 31 பேர் இறந்தார்கள். அதில் சின்னப் பிள்ளைகளும் உண்டு. கோலாலம்பூர் சீனப் பள்ளி ஒன்றின் ஆசிரியர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் விடுமுறைக்கு வந்திருந்தவர்கள். கடைசி உடலை எடுக்க ஒன்பது நாள் ஆனது.

அதற்குப் பிறகு வெளிவந்த செய்தி என்ன? அந்த இடத்தில் காய்கறித் தோட்டம் நடத்த உரிமம் இருந்தது, முகாம் நடத்த உரிமம் இல்லை என்று ஊராட்சித் துறை அமைச்சரே சொன்னார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக முகாம் நடந்து வந்ததாகவும் சொன்னார். இரண்டு ஆண்டுகள்! இணையத்தில் விளம்பரம் இருக்கிறது, சாலையோரத்தில் இருக்கிறது, வார இறுதியில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. கண்ணில் படாத இடமா அது?

எப்படி இது நடக்கிறது? சட்டத்தைப் பார்ப்போம். 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 34ஏ பிரிவு, குறிப்பிட்ட சில திட்டங்களுக்கு மட்டும் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும் என்கிறது. அந்தப் பட்டியல் 1987-இல் ஆணையாக வந்தது. அதில் சுற்றுலாவுக்கு என்ன போட்டிருந்தார்கள் தெரியுமா? கடலோர ஹோட்டல் என்றால் 80 அறைகளுக்கு மேல். மலை வாசத்தல ரிசோர்ட் என்றால் 50 ஹெக்டர் அல்லது அதற்கு மேல். தேசியப் பூங்கா, கடல் பூங்காத் தீவு என்றால் தனி. 2015-இல் புதிய ஆணை வந்தது. சரிவு எத்தனை பாகை என்று அது கணக்குப் பார்க்கிறது, சில பெரிய திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்தையும் கேட்கச் சொல்கிறது. நல்ல முன்னேற்றம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அடிப்படை மாறவில்லை. பட்டியலில் இருந்தால் அறிக்கை, இல்லாவிட்டால் இல்லை. ஒரு காய்கறித் தோட்டத்தின் ஓரத்தில் முப்பது கூடாரம் போடுகிறவர் எந்தப் பட்டியலில் வருவார்?

இது நம்முடைய உரிமைப் போராட்டத்தில் எங்கே வருகிறது என்று சிலர் கேட்கலாம். சரிந்து வரும் மண் இனம் பார்ப்பதில்லை, உண்மை. ஆனால் காசு பார்க்கிறது. பணம் உள்ளவர் போகும் ரிசோர்ட்டுக்கு மண் பரிசோதனை செய்த பொறியியலாளர் கையெழுத்து இருக்கும், காப்புறுதி இருக்கும். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் போகிறவர் போகும் இடம்தான் சட்டத்தின் அளவுகோலுக்குக் கீழே கிடக்கிறது. மலிவாக இருப்பதற்கு ஒரு காரணம், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டிருப்பது. நம் குடும்பங்களில் பெரும்பாலோர் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, சுற்றுச்சூழல் சட்டம் கைவிட்டால் வேறு சட்டம் இல்லையா? இருக்கிறது. நிறையவே இருக்கிறது. நிலம் மாநில அரசாங்கத்தின் அதிகாரம். 1965 தேசிய நிலச் சட்டப்படி நிலத்தின் பயன்பாடு விவசாயம், கட்டடம், தொழில்துறை என்று மூன்று வகை. விவசாய நிலத்தில் நினைத்ததைக் கட்ட முடியாது. நிபந்தனையை மீறினால் நிலத்தையே பறிமுதல் செய்ய 127-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. 1976 நகர, கிராம திட்டமிடல் சட்டப்படி, அனுமதியில்லாமல் நிலத்தின் பயன்பாட்டை மாற்றினால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. வியாபார லைசென்ஸ் ஊராட்சி மன்றத்தின் கையில். நிரந்தரக் காட்டு நிலம் என்றால் வன இலாகாவின் பெர்மிட். சுற்றுலா நிறுவனமும் வழிகாட்டியும் சுற்றுலா அமைச்சின் கையில். இத்தனை கைகள்! ஒரு கை செய்யும் என்று மற்றொரு கை சும்மா இருந்துவிடுகிறது. பத்தாங் காலிக்குப் பிறகு ஆற்றோரம், மலையோரம் உள்ள முகாம்களை ஏழு நாள் மூடச் சொன்னார்கள். ஏழு நாள். மழைக்காலம் ஏழு நாளில் முடிந்துவிடுமா?

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதிக்கு வருகிறேன். கண்டுகொள்ளாமல் விட்ட ஊராட்சி மன்றத்தின் மீது வழக்குப் போடலாமா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். 1993 டிசம்பர் 11-இல் உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி இடிந்தது, 48 பேர் மாண்டார்கள். பக்கத்து இரண்டு கட்டடத்துக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2000-ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கும் 15 விழுக்காடு பொறுப்பு உண்டு என்றது. ஆனால் கட்டடம் இடிவதற்கு முந்திய தவறுகளுக்குச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2) பிரிவு கவசமாக நின்றது. 2006-இல் கூட்டரசு நீதிமன்றம், இடிந்த பிறகு நடந்ததற்கும் கழகம் பொறுப்பில்லை என்று முடித்துவிட்டது. ஊராட்சி மன்றத்தின் பணம் பொதுமக்களுக்கு அடிப்படைச் சேவை செய்யத்தான், அதை நட்ட ஈடாகக் கொடுத்தால் கஜானா காலியாகிவிடும் என்பது தீர்ப்பில் ஒரு காரணம். அனுமதி கொடுத்த கட்டடத்துக்குப் பொருந்தும் கவசம், அனுமதியே கொடுக்காத முகாமுக்கும் பொருந்துமா? வாதாட இடம் உண்டு என்பது என் கருத்து. ஆனால் அந்த நம்பிக்கையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

நடத்துனர் மீது வழக்குப் போடலாம். சரி, எவ்வளவு கிடைக்கும்? 1956 சிவில் சட்டத்தின் 7-ஆம் பிரிவைப் படிக்கும்போது எனக்கே வயிறு எரியும். சம்பாதிக்கும் ஒருவர் இறந்தால் அவரை நம்பியிருந்தவர்களுக்கு வருமான இழப்பு உண்டு. பள்ளிப் பிள்ளை இறந்தால்? சம்பாதிக்கவில்லை, ஆகவே வருமான இழப்பு இல்லை. பெற்றோரின் துயரத்துக்கு 30,000 ரிங்கிட், அதோடு ஈமச் செலவு. 2019-க்கு முன்பு அது வெறும் 10,000. வழக்கை இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். அரசாங்க அமைப்பு மீதானால் 36 மாதம். துக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் காலம் ஓடுவதே தெரியாது.

இன்னொன்று. "இங்கு வருவோர் சொந்தப் பொறுப்பில் வரவும்" என்று போர்டு வைத்திருப்பார்கள், அல்லது ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டோம், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று நம் மக்கள் வாயடைத்துப் போய்விடுகிறார்கள். அப்படி இல்லை. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கு எதிராகத் தனிப் பகுதியே உண்டு. வழக்குப் போடும் உரிமையை முழுதாக அடைக்கும் ஒப்பந்த வாசகம் செல்லாது என்று 2018 இறுதியில் கூட்டரசு நீதிமன்றமும் ஒரு வங்கி வழக்கில் தீர்ப்பளித்தது. கையெழுத்துப் போட்டிருந்தாலும் வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஆனால் நான் உங்களை நீதிமன்றத்தில் பார்க்க விரும்பவில்லை. காசு கட்டுவதற்கு முன் கேளுங்கள். முகாம் நடத்த ஊராட்சி மன்ற லைசென்ஸ் இருக்கிறதா, படம் எடுத்து அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். "எல்லாம் இருக்கு அங்கிள், பயப்படாதீங்க" என்று மட்டும் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். லைசென்ஸில் என்ன தொழில் எழுதியிருக்கிறது என்பதைப் படியுங்கள், தோட்டம் என்று எழுதியிருந்தால் அது கூடாரத்துக்கு இல்லை. சந்தேகம் இருந்தால் ஊராட்சி மன்றத்துக்கே போன் செய்யுங்கள். நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் கிராண்டைத் தேடிப் பார்க்கலாம், நிலம் எந்த வகை என்று அதில் இருக்கும். சிலாங்கூரிலும் பினாங்கிலும் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இருக்கிறது, எழுதிக் கேட்கலாம். கோயில் இளைஞர் அணியோ, பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ முகாம் ஏற்பாடு செய்தால், இதைக் கேட்கும் வேலையை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே மலையை வெட்டுகிறார்களா? புகாரை எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்ன புகாருக்குச் சாட்சி கிடையாது. எழுதி என்ன ஆகப்போகிறது என்பீர்கள். பினாங்கு சுங்கை ஆராவில் மலை நிலத்தில் வீடு கட்ட 2012-இல் கொடுத்த அனுமதியை அங்கே குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். பத்து ஆண்டுக்கு மேல் இழுத்தது. 2023 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் குடியிருப்பாளர் பக்கம் தீர்ப்பளித்தது. முதலில் ஆட்சேபக் கடிதம் எழுதியவர்கள் அவர்கள்.

கடைசியாக, இங்கே பின்வரிசையில் நிற்கும் தம்பிகளுக்கு. வார இறுதியில் நண்பர்களை நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிப் போவது வேறு. விளம்பரம் போட்டு, தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, வேனில் ஏற்றிக்கொண்டு போவது வேறு. அந்த நொடியிலிருந்து நீங்கள் 1992 சுற்றுலாத் தொழில் சட்டத்துக்குள் வந்துவிடுகிறீர்கள். மேலே மழை பெய்து கெப்பாலா ஆயேர் இறங்கினால் வழக்கில் முதல் பெயர் உங்களுடையது. 2021 ஆகஸ்டில் குனோங் ஜெராய் அடிவாரத்தில் சேறும் மரமுமாகத் தண்ணீர் இறங்கி உயிர்களைக் கொண்டுபோனதை நினைத்துப் பாருங்கள். இயற்கை வழிகாட்டிக்குப் பச்சை அட்டை லைசென்ஸ் உண்டு, மலையேற்றத்துக்கு வன இலாகாவின் மாலிம் குனோங் பயிற்சி உண்டு. நம் பிள்ளைகள் இந்தத் தொழிலில் முறையாக நுழைய வேண்டும் என்பது என் ஆசை. காட்டை அறிந்த சமூகம்தானே நாம்? விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து நிரப்புவோம்.

 இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.