நரி கொண்ட கோழியும் நாம் கொண்ட பழியும்

(கழகத்தின் வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாவில் பேச வந்தவர் கோழியைப் பற்றியா பேசப் போகின்றார் என்று பின்வரிசையில் தம்பியர் இருவர் புன்முறுவல் செய்வது எனக்குத் தெரிகின்றது. செய்யட்டும். இம்மேடையில் அமர்ந்திருப்போருள் எத்தனை பேருடைய பள்ளி இறுதித் தேர்வுக் கட்டணம் கோழி விற்ற காசு என்று கூட்டம் முடிந்தபின் அவர்களைக் கேட்டுப் பாருங்கள். என்னுடைய கட்டணம் அக்காசுதான். நிலமில்லாத வீட்டில் தாயானவள் எவரையும் கேளாமல் எடுத்துச் செலவிடக்கூடிய பணம், முட்டையிலும் குஞ்சிலும் வந்த பணம் ஒன்றே. தந்தையின் கூலி சில நாள் வீடு வந்து சேரும். சில நாள் வழியிலேயே கரைந்துவிடும். கோழிப் பணம் மட்டும் அடுக்குப் பானைக்குள் போய்ச் சேரும்.

அப்பணத்திற்குப் பகையாக வருவன யாவை, அவற்றைத் தடுப்பது எங்ஙனம் என்பதே இன்று என் பேச்சு. முன்னதாக ஒன்று கூற வேண்டும். நம் தெருக்கள் எங்கே அமைந்துள்ளன என்பதை எண்ணிப் பாருங்கள். ஊரின் விளிம்பில், ஓடைக்கும் ஏரிக்கரைக்கும் சுடுகாட்டிற்கும் அருகில். சரபங்கா ஆற்றின் ஓரத்திலும், நீர் வற்றிய ஏரிகளிலும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கின்றது. அதற்கப்பால் கரும்புக் காடும் மரவள்ளித் தோட்டமும். பகலெல்லாம் அங்கே படுத்திருக்கும் நரி அந்தியில் ஊரை நோக்கிப் புறப்பட்டால், அதன் வழியில் முதலில் நிற்பது நம் வீடு. அந்த இடத்தை நாமாகத் தெரிந்தெடுத்துக் கொள்ளவில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நரியால் நாம் இழந்தது கோழி மட்டுமன்று. நான் சிறுவனாயிருந்தபோது நடந்ததைக் கூறுகின்றேன். ஒரு நாள் காலையில் ஒரு பெரிய தோட்டத்து வீட்டில் மூன்று கோழிகளைக் காணவில்லை. கேள்வியுமில்லை, விசாரணையுமில்லை; நம் தெரு இளைஞர் இருவரை அழைத்துச் சென்று புளியமரத்தடியில் நிறுத்தி வைத்தார்கள். வெயில் ஏறிற்று. என் அம்மாயி அப்போது அங்கே களை வெட்டப் போயிருந்தவர். அவர் அழவில்லை, வாதாடவும் இல்லை. கோழிக்கூண்டை ஒருமுறை சுற்றி வந்தார். சுவரின் அடியில் புதிதாகப் பறித்த பள்ளம் ஒன்று இருந்தது. அதிலிருந்து இறகுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கரும்புக் காட்டை நோக்கிச் சென்றன. அவற்றின் வழியே நடந்தார். வரப்போரத்தில் மண் கிளறப்பட்டிருந்த இடத்தில் ஒரு கோழிக்கால் வெளியே நீட்டிக் கொண்டிருந்தது. தின்று மிஞ்சியதை மண்ணில் புதைத்து வைப்பது நரியின் வழக்கம். “சாமி, ஒரு நடை வந்து பாருங்க” என்று மட்டும் சொன்னார். வந்து பார்த்தார்கள். இளைஞர் இருவரையும் போகச் சொன்னார்கள். வருத்தம் தெரிவித்தவர் எவருமில்லை. குடிக்க மோர் கொடுத்தார்கள், கொட்டாங்கச்சியில்.

அம்மாயிக்கு எழுத்துத் தெரியாது. மண்ணில் இருந்ததை அவர் படித்தார். அந்தப் படிப்பு இன்று நம் பிள்ளைகளிடம் இல்லை. அதனால்தான் கோழி காணாமற் போனால் இப்போதும் அண்டை வீட்டார் மேல் ஐயம் கொள்கின்றோம், நமக்குள்ளேயே சண்டையிட்டுக் கொள்கின்றோம். ஆகவே தடயங்களைச் சிறிது விரிவாகவே கூறுகின்றேன்.

நம் சமவெளியில் நரி என்று நாம் சொல்வது இரு விலங்குகளை. கூட்டமாக ஊளையிடுவது பெரிய நரி. மற்றொன்று வங்காநரி, பூனையினும் சற்றே பெரிது, இரண்டு மூன்று கிலோ எடைதான் இருக்கும், வால் நுனி கறுத்திருக்கும். அதன் உணவு பெரும்பாலும் எலியும் பூச்சியும் நண்டும் இலந்தைப் பழமும். வாய்ப்புக் கிடைத்தால் குஞ்சையும் கோழியையும் விடாது. நரி கோழியை முழுதாகத் தூக்கிச் செல்லும். கூண்டருகில் சிறிதளவு இறகே கிடக்கும். அதன் காலடி நாயின் காலடி போல நகம் பதிந்திருக்கும். காட்டுப்பூனையும் தூக்கிச் செல்லும். ஆனால் பூனை இனம் நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் அதன் அடியில் நகக்குறி இராது.

பல கோழிகள் குதறப்பட்டு, தின்னப்படாமல் சிதறிக் கிடந்தால் நரியைத் திட்டாதீர்கள். அது பெரும்பாலும் தெருநாயின் வேலை. நம் வீட்டு நாயாகவும் இருக்கலாம். கழுத்திலும் தலையிலும் கடியுண்டு கோழி பட்டப்பகலில் செத்துக் கிடந்தால் கீரியை நினைக்க வேண்டும். இரவில் கூரை ஓடு விலகி, தலையும் மார்பும் மட்டும் தின்னப்பட்டிருந்தால் மரநாய் இறங்கியிருக்கின்றது. முட்டை ஓடுகூட மிஞ்சாமல் மறைந்தால் பாம்பு. குஞ்சு செத்து, தலையும் கழுத்தும் எச்சிலில் நனைந்தாற்போல் இருந்தாலும் பாம்புதான், விழுங்க முயன்று விட்டுச் சென்றிருக்கும். அப்படிப்பட்ட கூட்டிற்குள் கையை விட்டுத் துழாவாதீர்கள். குஞ்சுகள் பகலில் ஒவ்வொன்றாகக் குறைந்தால் காக்கை, வல்லூறு, பருந்து ஆகியவற்றுள் ஒன்று. இரவில் குறைந்தால் பெருச்சாளி வளையைத் தேடுங்கள்.

காயம் ஏதுமின்றி, வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்துத் திருகிக் கோழிகள் வரிசையாகச் சாகுமானால் அது விலங்கே அன்று, வெள்ளைக்கழிச்சல் நோய். அதற்குக் கூண்டு மருந்தாகாது, தடுப்பூசிதான் வேண்டும். ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் கால்நடைத் துறை நடத்தும் இருவார முகாமை விட்டுவிடாதீர்கள்.

இனிக் காவலுக்கு வருவோம். நம் முன்னோர் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்தார்கள். வீட்டுத் திண்ணையில், ஆள் படுத்திருக்கும் இடத்தில் அது போதும். வெளியில் போதாது, நரி மூக்கால் நெம்பிக் கூடையைத் தள்ளிவிடும். கடையில் கோழிவலை என்று விற்கும் மெல்லிய அறுகோணக் கம்பிவலையும் ஏமாற்று வேலை. கோழியை உள்ளே நிறுத்த அது உதவும். நாயை வெளியே நிறுத்த உதவாது. அதைக் கிழித்துவிடும். அரை அங்குலக் கண் கொண்ட வெல்டுமெஷ் வலையை வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஆனால் இரவுக் கூண்டு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பத்துக் கோழி அடைய நாலடிக்கு நாலடி போதும்.

தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் கால்களின் மேல் கூண்டை அமைப்பதே மேலானது. பள்ளம் பறிக்கும் விலங்கிற்கு அங்கே வேலையில்லை; எச்சமும் கீழே விழுந்து உரமாகும். கால்களில் ஒரு முழ அகலத்திற்கு வழவழப்பான தகரத்தைச் சுற்றினால் ஏறும் விலங்கு வழுக்கும். தரையில்தான் கட்ட முடியும் என்றால் வலையைச் சுவரோடு நிறுத்திவிடாமல், வெளிப்புறமாக ஒன்றரை அடி தரையில் மடக்கிப் பரப்பி, மேலே மண்ணும் பலகைக் கல்லும் போடுங்கள். நரி சுவரை ஒட்டியே பறிக்கும். வலை தட்டுப்பட்டால் பின்வாங்கி நின்று பறிக்க அதற்குத் தோன்றுவதில்லை.

கூரையையும் தாழ்ப்பாளையும் மறந்துவிடாதீர்கள். கயிற்றால் கட்டிய கதவைக் கதவென்று நான் ஒப்பமாட்டேன். எல்லாவற்றினும் முதன்மையானது நேரம். பொழுது சாயும் போது கோழி தானாகவே வந்து அடையும். அப்போதே எண்ணிப் பார்த்துக் கதவை மூட வேண்டும். தொலைக்காட்சித் தொடர் முடியட்டும் என்று காத்திருக்கும் அரைமணி நேரம் நரியின் நேரம். அடை வைக்க வேண்டிய பெட்டை புதரில் போய்ப் படுத்துக் கொண்டால், முட்டையோடு எடுத்து வந்து வீட்டுக்குள் கூடையில் வையுங்கள். 21 நாள் புதரில் கிடக்கும் கோழி உயிரோடு திரும்புவது அரிது. குஞ்சுகளை முதல் இரு மாதம் மேலே வலையிட்ட அடைப்பிற்குள் மேய விடுங்கள். கிழிந்த மீன்வலையும் போதும். வீட்டைச் சுற்றியுள்ள புதரை வெட்டுங்கள். கறிக்கடைக் கழிவை ஓடையில் கொட்டுவோரைத் தடுங்கள். நரிக்கும் நாய்க்கும் விருந்து வைத்து அழைப்பது அதுதான்.

கொன்றுவிட்டால் என்ன என்று இளைஞர் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. நம் சேலம் மாவட்டத்திலேயே வாழப்பாடிப் பகுதிச் சிற்றூர்களில் பொங்கலையொட்டி வங்காநரியை வலைவைத்துப் பிடித்து, ஊர்வலமாகக் கொண்டுவந்து ஓடவிடும் வழக்கம் இருந்து வந்திருக்கின்றது. நரி முகத்தில் விழித்தால் நன்மை என்னும் நம்பிக்கை. கோழியை இழந்தவளுக்கு அம்முகத்தில் என்ன நன்மை தெரியுமோ, நான் அறியேன். ஆயினும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நரியைப் பிடிப்பதையும் கொல்வதையும் தடை செய்கின்றது. பிடித்தவர்களுக்கு வனத்துறை அபராதம் விதித்ததும் உண்டு. வழக்கு என்று வந்தால் முதலில் யார் பெயர் எழுதப்படும் என்பது உங்களுக்குத் தெரியும்.

சட்டம் ஒருபுறமிருக்க, ஒரு நரியைக் கொன்றால் அதன் இடத்திற்கு வேறொன்று வரும்; திறந்த கூண்டு திறந்தபடியே இருக்கும். நிலக்கடலைக் காட்டில் எலியும் பெருகும். நஞ்சு வைத்த இறைச்சியை நரி மட்டுமா தின்னும்? நாயும் மயிலும் தின்னும். குழந்தையின் கையிலும் அகப்படும். மின்கம்பி இழுப்பது இன்னும் கொடியது. 2023 மார்ச்சில் அண்டை மாவட்டமான தருமபுரியில் மாரண்டஅள்ளி அருகே அத்தகைய வேலியில் பட்டு மூன்று யானைகள் மாண்டன. யானையையே சாய்த்த கம்பி, இரவில் வயல் வழியே வீடு திரும்பும் நம் பிள்ளையை என்ன செய்யும்? மனிதருக்கு அஞ்சாமல் பகலில் நெருங்கி வரும் நரியைக் கண்டால் வெறிநோய் எனக் கருதி விலகுங்கள்; வனத்துறைக்குத் தெரிவியுங்கள். கடித்துவிட்டால் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பச்சிலை கட்டிக்கொண்டு இருந்துவிடக் கூடாது.

மண்டபத்தின் பின்புறம் வேப்பமரத்தடியில், நம் இளைஞர்கள் கட்டிய கூண்டு ஒன்று வைக்கப்பட்டிருக்கின்றது. போகும்போது தாய்மார்கள் பார்த்துச் செல்ல வேண்டுகின்றேன். குனிந்து அடிப்பக்கத்தையும் பாருங்கள். தாழ்ப்பாள் இரண்டு, ஒன்று சற்று இறுக்கமாக இருக்கின்றது, எண்ணெய் போடச் சொல்லியிருக்கின்றேன்.